பழைய பேரில் கிடந்த படம்

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று முதலிலேயே சொன்னவன் நான். இன்றைக்குச் செம்பூர் ஸ்கேன் சென்டரில், நீ படங்களை நகலெடுத்து வைத்த பேக்கப் டேப்புகளைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். ஒரு காலி டப்பாவை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். மேலே ஒட்டிய சீட்டில் உன் கோழிக்கிறுக்கல்.

அங்கே வேலையில் இருந்தபோது நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாய். கரண்ட் போனால் கைகொடுக்கும் யுபிஎஸ் பேட்டரியை நான் பார்த்துக்கொண்டேன். கரண்ட் இல்லாமல் உன் கம்ப்யூட்டர் என்ன கிழிக்கும்? ஆகவே சென்டரே என் கையில் என்றுதான் தாராவி முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

படங்களை வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் செத்து, புதிது வந்த வாரம் அது. விக்ரோலியிலிருந்து ஓர் அம்மா, தலைக்குள் கட்டி. போன வருடப் படத்தைவிட வளர்ந்திருந்தால்தான் மண்டையைத் திறப்பேன் என்றார் டாக்டர். அந்தப் படமோ டேப்பில். நீ மீட்கப் போனால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சிவப்பு வரி. மூன்று முறையும் அதுவே. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் போனில், "டேப் கராப் ஹை பாய்" என்று, டேப்தான் கெட்டுவிட்டது என்று கைகழுவினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த அம்மாவின் மகள் உன் முகத்தையே பார்த்து நின்றாள்.

"டேப்பு நல்லாத்தாம்ல இருக்கு," என்றாய். "கேட்டலாக்குதான் இல்லங்குது. எந்தக் கம்ப்யூட்டரோட படம் எந்த டேப்புலன்னு பேர் போட்டு வச்ச பட்டியலு."

"ஏல, சென்டர் மாட்டுங்காவுல இருந்தப்ப பழைய கம்ப்யூட்டருக்கு மாட்டுங்கான்னுதான பேரு? புதுசுக்குச் செம்பூர்னு வச்சிருக்க. வி.டி. ஸ்டேஷனுக்குப் பேரு மாத்தி எத்தன காலமாச்சு, டாக்சிக்காரன்ட்ட இன்னும் என்ன சொல்லுதோம்? பழைய பேருல தேடுல," என்றேன்.

எடுக்கும் இடத்தில் மாட்டுங்கா என்று அடித்தாய். சேரும் இடத்தில் செம்பூர். டேப் முனகியது. ஒரு மனுஷியின் தலைக்குள் போன வருடம் இருந்தது அப்படியே திரையில் விரிந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. டாக்டர் இரண்டு படங்களையும் அளந்தார். கட்டி வளரவில்லை. மகள் கதவோரம் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

நீ செத்த துக்கத்துக்கு வந்தவர்களிடமும் இதைச் சொன்னேன். உன் மகன் கேட்டான், "மாமா, பழைய பேரு ஐடியா ஒங்களோடதா? சச் மே, நெசமாவா?"

ஆமாம் என்றுவிட்டேன். இல்லையடா. வி.டி. பேச்சு முழுக்க உன்னுடையது. ஞாயிற்றுக்கிழமை முலுண்டுக்குப் போய் அவனிடம் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது, "டேப்ப ரெண்டு தட்டு தட்டுல" என்பது மட்டும்தான்.

"தட்டுனா முழிக்க அதென்ன, டூட்டில தூங்குத நீயா?" என்றாய். இன்னும் என் காதில் இருப்பது அதுதான்.