கையெழுத்து இல்லாத வரி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். துணி காயவில்லை. நாளை பஸ்ஸில் பீடோர், பார்வதி அக்கா வீடு. எடுத்துப்போக: மனுப் படிவம், பேனா நான்கு, பார்வதி அக்காவுக்கு மாத்திரை, குடை.

இலங்கையின் வெளிநாட்டுக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் மனு. பல நாடுகளில் ஒரே சமயத்தில் கையெழுத்துத் திரட்டுகிறார்கள். ஈப்போவில் நானும் இன்னும் இரண்டு பேரும். வெள்ளிக்குள் படிவங்கள் கோலாலம்பூருக்கு, கே.எல். ஆபீசுக்கு, போயாக வேண்டும்.

இவரிடமும் நீட்டினேன். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. "அந்தக் காசிலதான் குண்டு வாங்கினவங்கள். அதுக்கு நான் கையெழுத்து வைக்கிறதோ?"

"அதனாலதான் சொல்றோம். குண்டுக்கு வாங்குன கடன ஏழைங்க ஏன் கட்டணும்?"

எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார், மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது.

ஜூன் 4, புதன்

பஸ் தாமதம். கோப்பெங் தாண்டியதும் மழை. அக்கா வீட்டைச் சுற்றி ரப்பர் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்ச் செம்பனை. தோட்டத்தை விட்டு வந்த பெண்களில் பாதிப் பேர் கையுறை பேக்டரியில். ஷிப்ட் முடிந்து அவர்கள் வரும்வரை உட்கார முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அக்கா திட்டினாள்.

வந்தவர்களில் லெட்சுமி கேட்டாள்: "மோட்டோர்சைக்கிள் தவணை ரெண்டு மாசம் கட்டலன்னா இழுத்துட்டுப் போறான்லா. நாட்ட எப்படிக்கா இழுப்பான்?"

"ஆஸ்பத்திரியில மருந்து இருக்காது. அரிசி வெல ஏறும்."

"அப்ப இழுக்கிறான்தான்." கையெழுத்துப் போட்டாள். 'காரணம்' கட்டத்தில் எழுதியது: அங்கேயும் தோட்டத்து சனம் இருக்கு.

ஜூன் 5, வியாழன்

படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு மார்க்கெட் போனேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். கெம்போங் மீன், கீரை. புளி மறந்தேன்.

திரும்பினால் கடைசி வரியில் இவர் எழுத்து. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துப் பையில் எழுதிப் பழகிய குட்டி எழுத்து. பெயர்: இவர் தம்பி பெயர். அப்பா பென்ஷனோடு யாழ்ப்பாணம் திரும்பியபோது கூடவே போன தம்பி. வேலை கிடைத்திருந்ததால் இவர் மட்டும் இங்கே தங்கினார். காரணம்: விமானக் குண்டு. வயது பத்தொன்பது. கையெழுத்துக் கட்டம் காலி.

அந்தப் பெயரை இவர் எழுதி இன்றுதான் பார்க்கிறேன். கோபமா, சம்மதமா? கேட்கப் பயம். கழுவிய மீனையே திரும்பக் கழுவினேன். அழுகை வந்தது. எரிச்சலும். அந்த வரியோடு அனுப்பினால் என்ன சொல்வார்களோ. அதை அடித்துவிட்டு அனுப்ப எனக்கு மனம் வராது.

ஜூன் 6, வெள்ளி

வெயில். அந்த வரியை அடிக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன், அசல் தபாலில். வீடு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரி முழுக்கத் துடைத்தாயிற்று.

மூன்று மணிக்கு போனில் சுமதி, கே.எல்.லில் படிவங்களைச் சரிபார்க்கும் பெண். "அக்கா, கடைசி வரியில சைன் இல்ல. எடுத்துறவா? எண்ணிக்கையில சேராது."

"சேர வேணாம்மா. வரி அப்படியே இருக்கட்டும்."

இவர் ரேடியோவைக் குறைத்தார். "ஆரது?"

"கே.எல்.லேர்ந்து. உங்க தம்பியப் பத்திக் கேட்டாங்க."

ரேடியோவை நிறுத்திவிட்டு, "என்ன கேட்டவை?"

"ஏன் கையெழுத்துப் போடலன்னு."