மரத்தில் கட்டிய என் எலும்பு

அன்பு மகன் தமிழரசுக்கு பாலசமுத்திரத்திலிருந்து அம்மா எழுதுவது. வலது முட்டியைத் தவிர இங்கே எல்லாம் நலம், குவைத் வெயிலில் நீ கருத்திருந்தாலும் உடம்பு தேறியிருக்கிறாய் என்று லீவில் வந்த உன் சிநேகிதன் முரளி சொன்னான், அந்த மட்டும் நிம்மதி. இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால் மூன்றாவது படித்த கையால் நாலு நாளாக எழுதி, வெள்ளிக்கிழமை அங்கே திரும்பும் முரளியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

முட்டி மாற்றும் ஆபரேஷனுக்கு ரெடிமேடு முட்டி வேண்டாம், அம்மா காலை அளவெடுத்துச் செய்கிற முட்டிதான் வைக்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாயே, அதற்காக உன் தங்கை சந்தியா நகரியிலிருந்து வந்து என்னைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முதலில் ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டபோது, பாட்டியை அவ்வா என்கிற தெலுங்கு டாக்டர் ஒரு பெட்டியைத் திறந்து வெள்ளையாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அவ்வா, இது உன் முட்டி எலும்பு, ஸ்கேனைப் பார்த்து மெஷின் பிளாஸ்டிக்கில் செய்த நகல், நீயே வைத்துக்கொள் என்றார். உயிரோடு உட்கார்ந்து தன் எலும்பைப் பார்த்தவள் நம் வம்சத்தில் நான் ஒருத்திதான். அதன் பக்கத்தில் ஒரு பள்ளம், என் கட்டைவிரல் அதில் சரியாகப் படிந்தது. இது விழுந்த அடி மாதிரி தெரியலையே அவ்வா என்று டாக்டர் கேட்டார். கெணத்துப் படில வழுக்கி வுழுந்துட்டாங்க சார், எங்கண்ணன் கைக்கொழந்தையா இருக்கசொல்லோ என்றாள் சந்தியா. நான் பள்ளத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் விளக்கினார். ரெடிமேடு முட்டி செருப்பு மாதிரி பல சைஸில் வருமாம், அதற்குத் தக்கபடி எலும்பைச் சீவி வைப்பார்களாம், எத்தனையோ வருஷமாக ஊர் உலகத்துக்கெல்லாம் அதுதானாம். அளவெடுத்துச் செய்கிறது என் எலும்பின் வளைவையும் ஓரத்தையும் ஒட்டியே வருமாம், ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டுமாம். ஆனால் நடையிலும் வலியிலும் பெரிய வித்தியாசம் என்று இதுவரை ருசுவாகவில்லை, உனக்கு ரெடிமேடே பொருந்தும், எது வேண்டும் என்று பதினைந்து நாளுக்குள் சொல்லு என்றார்.

நான் கிணற்றில் விழவில்லை தமிழரசு. அன்று புதன்கிழமை, நீ எட்டு மாதக் குழந்தை. கவர்மெண்டு கொடுத்த ஒரு ஏக்கர் பட்டா என் பேரில் வந்த மறுநாள், பச்சைக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்த உன் பெரியப்பா துலுக்காணம் கடப்பாரையால் என் முட்டியில் அடித்தான். அண்ணன் தம்பி உறவு அறுந்துபோகும் என்று உன் நைனா என் தலையில் கை வைத்து சத்தியம் வாங்கிக்கொண்டார். நாற்பத்தோரு வருஷம் வெளியே சொல்லாததை அந்தப் பிளாஸ்டிக் சொல்லிவிட்டது.

எலும்பை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். உன் நைனாவின் எலும்பைக்கூட ஆற்றுக்குக் கொண்டுபோகும் வரை மரத்தில்தானே கட்டிவைத்தோம். அதே மாதிரி இதையும் ஒரு மண்கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாய்கட்டி, வாசல் பூவரச மரத்தில் தொங்கவிட்டேன். பிளாஸ்டிக்குக்கு சாவுக் கலயமா, உனக்குப் பித்து புடிச்சிகினுதா என்று சந்தியா திட்டிவிட்டு ஊருக்குப் போனாள்.

ஒன்றாம் தேதி உச்சி வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு காலை நீட்டிப் படுத்திருந்தேன். வாசலில் தடி ஊன்றும் சத்தம். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் உன் பெரியப்பா. பென்ஷனுக்காக சித்தூரிலிருந்து வந்தவன், நான் ஆஸ்பத்திரிக்குப் போனதைக் கேள்விப்பட்டிருக்கிறான். சாத்திய கதவைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், தடியைக் கீழே போட்டான். ரத்னம்மா, ஒரு வார்த்த சொல்லி அனுப்பாம எரிச்சிட்டாங்களே உன்ன என்று அழுதான். நெலம் உம் பேர்ல வந்த ஆங்காரம்மா, கால் ஒடியட்டும்னுதான் அடிச்சேன், கை தவறிட்ச்சின்னு தம்பிகிட்ட சொன்னது பொய்யி, மன்ச்சிடு என்று கலயத்தைத் தடவினான். இல்லாததைச் சொல்கிறவள் நான் இல்லை, நீ அறிவாய். அவன் கை கலயத்தில் பட்ட நொடி என் முட்டியின் அந்தப் பள்ளத்தில் ஒரு கை சில்லென்று படிந்தது, ஐந்து விரலையும் எண்ணினேன். எழுந்து போகக் கால் வரவில்லை, குரலும் வரவில்லை. அப்புறம் இரண்டும் வந்தது, நான்தான் போகவில்லை. அவன் மரத்தடியில் விழுந்து கும்பிட்டுவிட்டு, வந்த வழியே போனான்.

முரளி அவனைச் சித்தூரில் பஸ்ஸிலிருந்து பார்த்தானாம், மொட்டைத்தலை. தம்பி பொண்டாட்டி போய்விட்டாள், தினமும் உச்சிவேளையில் அவள் பேர் சொல்லிக் காக்கைக்குச் சோறு வைக்கிறார் என்று கூட ஏறிய ஆள் சொன்னானாம். இதை எனக்குச் சொல்வதற்கு முன் முரளி என் பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்தான். அதற்கு அவனைத் திட்டவில்லை, ஏனென்றால் கொஞ்ச நாளாக உச்சிவேளையானால் ஒரு வாய் துன்னாமலே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன், ரெடிமேடு முட்டியே போதும். எரித்தாலும் அந்த உலோகம் எரியாதாம், டாக்டரிடம் கேட்டபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. நாளைக்கு நீ என் சாம்பலைக் கிளறும்போது அவன் அடித்து வளைத்த என் எலும்பின் வடிவம் இரும்பாக உன் கையில் அகப்படக் கூடாது. ஊருக்கெல்லாம் வைக்கிறதே எனக்கும் இருக்கட்டும். நீ வருத்தப்படாதே, நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள், நம் குலசாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. உன் பெரியப்பாவுக்குப் போன் போட்டு நான் இருக்கிறேன் என்று சொல்லிவிடாதே. அவன் மன்னிப்புக் கேட்டது செத்தவளிடம், உயிரோடிருக்கிறவளிடம் இன்னும் கேட்கவில்லை. புது முட்டியில் நடை வந்ததும், ஒரு உச்சிவேளையில் அவன் சோறு வைக்கும்போது நானே போய் எதிரில் நிற்கிறேன்.

இப்படிக்கு, உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா
ரத்னம்மா