ஐ ஆம் என்று முழுதாகச் சொன்னவளுக்கு

கார்பன் தாளின் வாசனையை மறந்தே போயிருந்தேன். இன்று காலை தாம்பரத்தில் பத்திரம் எழுதும் கடையில் ஒருவர் பழைய கட்டொன்றைப் பிரித்தார். நீ போய் மூன்று வருடமாகிறது. விரல் நுனியெல்லாம் நீலமாக என் எதிரே வந்து நின்றாய்.

அறுபதுகளின் கடைசியில், பல்லாவரத்து இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் நாம் தட்டச்சர்கள். ஒரே வயது. நீ நிரந்தரமாகியிருந்தாய், நான் ஆகவில்லை. நான் அடிப்பதைச் சரிபார்த்து ஓரத்தில் நீ முதலெழுத்துப் போட வேண்டும்.

பிரஸ் மெஷினில் தொழிலாளி காசிக்கு இரண்டு விரல் போனது. மெஷின் கெட்டிருப்பதை அவன் முன்பே சொன்னானா என்று விசாரணை. சொல்லவில்லை என்றால் அவன் வேலை போய்விடும். மேற்பார்வையாளரின் வாக்குமூலத்தை நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். அவர் ஆங்கிலத்தில், “ஹி டிட் டெல் மீ” என்றார். ‘சொன்னான்’ என்று பொருள். என் சுருக்கெழுத்துக் கோடு இழுபட்டிருந்ததால் அதை ‘டிடின்ட்’ என்று படித்து, ‘சொல்லவில்லை’ ஆக்கிவிட்டேன். அவசரத்தில் நீயும் முதலெழுத்துப் போட்டாய். அவரும் படிக்காமலே கையெழுத்திட்டார்.

மதியம் நகலைக் கோப்பில் வைக்கப்போன நீ நின்றாய்.

“பேசறப்போ டோன்ட், கான்ட் எல்லாம் சரிடி. கையெழுத்தாகுற காகிதத்துல டிட் நாட்னு முழுசாத்தானே அடிப்போம்? இங்க ஏன் சுருக்கினே?”

“அவர் அப்படிப் பேசினாருன்னு நினைச்சேன்.”

என் குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்தாய். “அவர் சுருக்கவே இல்ல. சொன்னான்னுதான் சொல்லியிருக்காரு.”

“வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்” என்று அழுதேன். நீ குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

அந்தத் தவறு நிர்வாகத்துக்குச் சாதகம் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “கையெழுத்து ஆயிடுச்சே. ஆர் யூ ரெஸ்பான்சிபிள் ஃபார் திஸ்?”

“யெஸ் சார், ஐ ஆம். சரிபார்த்தது நான். திருத்தலைன்னா விசாரணை அதிகாரிகிட்ட நானே குறிப்பேட்டைக் காட்டுவேன்.”

என் பெயர் அந்த அறையில் ஒருமுறைகூட வரவில்லை.

மாலை ரயிலில், “நானா இருந்தா பயத்துல ஐ ஆமைச் சுருக்கி ‘யெஸ், ஐம்’னு முழுங்கியிருப்பேன்” என்றேன்.

நீ சிரித்தாய். “அது தப்புடி. பின்னால வேற வார்த்தை வந்தாத்தான் ஐம்னு சுருக்கலாம். வாக்கியம் அங்கயே முடிஞ்சா ஐ ஆம்னு முழுசாத்தான் சொல்லணும்.”

நீ இலக்கணம்தான் சொன்னாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தாள் திருத்தப்பட்டது. காசிக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. உனக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த வருடமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. கேன்டீன் வாசலில் காசி, “என்னால உனக்கு பேஜாராப் பூட்சேம்மா” என்றான். “அத்த வுடு, கை எப்படி கீது?” என்று அவன் பேச்சிலேயே கேட்டாய்.

அதன்பின் நெடுங்காலம் வேலை பார்த்தேன். தவறு என்னுடையது என்றால், யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் கால் நடுங்கும். அன்று உனக்கும் நடுங்கியதா என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.