கடல் காற்றில் எடுத்த முடிவு

பிப்ரவரி 3
கடல் காற்று நின்றபாடில்லை. துணி காயவில்லை, தலை கனக்கிறது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். இந்தக் காற்றில் எங்கள் பக்கம் யாரும் ஒயினை ருசித்து முடிவெடுக்க மாட்டார்கள், மணமெல்லாம் அமுங்கிவிடும். வடமேற்குக் காற்று திரும்ப வேண்டும்.

ஆன்செல்மும் நானும் விவாகரத்து வாங்கியபோது தோட்டத்தையும் பிரித்துக்கொண்டோம். சிரா திராட்சை அவனுக்கு, காரின்யான் எனக்கு. ஆனால் ஒரே வகைத் திராட்சையில் செய்த ஒயினுக்கு எங்கள் கோர்பியேர் வட்டாரத்தின் பெயரைப் புட்டியில் போட முடியாது. கலந்தே ஆக வேண்டும். பிரிந்த பிறகும் அவன் முகத்தில் விழிக்க வேண்டுமா நான்?

பிப்ரவரி 5
சிராவில் ஒரு புட்டி கொண்டுவந்தான். என்னுடையதை ஒரு வாய் குடித்தான். “உன்னை மாதிரியேதான் இருக்கு. வாயில வச்சதுமே கடிக்குது.”

“உன்னுதும் உன்னை மாதிரிதான். முதல்ல இனிக்குது, அப்புறம் ஆளையே காணோம்.”

சிரித்துத் தொலைத்தான். “காத்து மாறட்டும், கலக்கலாம்.” எல்லாவற்றையும் தள்ளிப்போட்டே வாழ்ந்தவன்.

பிப்ரவரி 6
அதே காற்று.

பிப்ரவரி 8
பக்கத்துத் தோட்டத்துச் சிதோனி வந்தாள். “ஏண்டி மகெலோன், என் கிரெனாஷ் திராட்சை ஒயினைக் கலந்துக்கோயேன். அவன் உன் வாசப்படியே மிதிக்க வேணாம்.”

சமையலறையில் இருவருடையதையும் தனித்தனியே என்னுடையதோடு கலந்து பார்த்தேன். சிதோனியுடையது நன்றாகவே இருந்தது. ஆன்செல்முடையதில் ஈரச் சாக்கு வாடை. காற்றால் இருக்குமோ? காற்றாவது மண்ணாவது! சிரா வேண்டாமென்று அவனிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

“இன்னும் காத்து மாறலையே, மகெலோன்.”

“காத்துக்காகக் காத்திருந்தே என் வயசு போச்சு.”

பிப்ரவரி 9
சிதோனியின் கிரெனாஷை என் காரின்யான் தொட்டியில் விட்டாயிற்று. இனி பிரிக்க முடியாது. அவன் தொல்லை விட்டது. பிறகு ஏன் இப்படி வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கிறேன்?

பிப்ரவரி 13
காற்று திரும்பிவிட்டது. மலை பளிச்சென்று தெரிகிறது. சிராவோடு கலந்து மூடி வைத்திருந்த மிச்சத்தைக் கொட்டப் போனவள், சும்மா முகர்ந்தேன் — மிளகு, கறுப்பு ஆலிவ். வாயில் வைத்தால் அவனுடைய இனிப்பை என்னுடைய புளிப்பு தாங்கிப் பிடிக்கிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று நாங்கள் செய்ததில்லை. அழுகை வந்துவிட்டது. பாழாய்ப்போன காற்று! இல்லை, என் அவசரம்.

உடனே கூப்பிட்டேன். சிரா முழுவதும் நேற்றே வியாபாரியின் லாரியில் போய்விட்டதாம். “நீ வேணாம்னுட்டே. நான் என்ன பண்ணட்டும்?” பிறகு, “எனக்குன்னு ஒரு குடுவை எடுத்து வச்சிருக்கேன்” என்றான்.

பிப்ரவரி 15, ஞாயிறு
மதியம் குடுவையோடு வந்தான். வாத்துக்கறியும் வெள்ளை மொச்சையும் வைத்திருந்தேன். தொட்டியில் விடாமல் எனக்கென்று நிறுத்தியிருந்த காரின்யானை எடுத்து, மேசையிலேயே கலந்தோம். சிரா கூடுதலா காரின்யான் கூடுதலா என்று சண்டை. தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன்.

“விக்க முடியாது, பேரும் போட முடியாது. இதுக்குப் போயா இவ்ளோ சண்டை?” என்றான்.

“குடி பேசாம.”

கிளம்பும்போது, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இங்கேயே இருக்கட்டும் என்றான். சரி என்றேன்.