கொடிமேட்டில் இன்று தெரியுமா?

செப்டம்பர் 16, செவ்வாய்

வலைப்பூவுக்கு இன்று நான்கு வருகை. மூன்று நானே போய்ப் பார்த்தது. நான்காவது ஜெகனாக இருக்கும்.

ஜெகன் என் சித்தி மகன், போடியில் இருக்கிறான். வலைப்பூ எழுதி முன்னுக்கு வருவது எப்படி என்று இணையத்தில் ஏதோ வகுப்பில் சேர்ந்து படித்தான். படித்ததை வேறு ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் சான்றிதழாம். அகப்பட்டது நான். ஜூலையில் வந்து என் போனிலேயே திறந்து கொடுத்துவிட்டுப் போனான். பெயரும் அவன் வைத்ததுதான்: 'மாரியின் மூணாறு'.

"அக்கா, தினமும் எழுதணும். ஒரு நாள் விட்டாலும் ஆளு ஓடிரும். கை பழகுறதுக்கு நோட்டுலயும் எழுதிப் பாரு."

அதனால் இந்த நோட்டு. இதில் எழுதுவது சுகமாகத்தான் இருக்கிறது. எத்தனை பேர் வரவில்லை என்று இது எண்ணிக் காட்டுவதில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

'மூணாறில் தவறவிடக் கூடாத பத்து இடங்கள்' எழுதி முடித்தேன். ஆயிரம் வார்த்தை இருந்தால்தான் தேடுகிறவர்கள் கண்ணில் படும் என்கிறான் ஜெகன். பதினேழு வருஷமாக இங்கே வாக்கப்பட்டு இருந்தும் எனக்கு எட்டு இடம்தான் சட்டென்று வந்தது. ஒன்பதாவதாக நான் வேலை பார்க்கும் கம்பெனித் தேயிலைக் கடையைப் போட்டேன். பத்தாவது பஸ் ஸ்டாண்டு.

இரண்டு வருகை.

செப்டம்பர் 27, சனி

இங்கிலீஷில் எழுதினால் உலகமே படிக்கும் என்று ஜெகன் சொன்னான். 'கொளுந்து கிள்ளும் பெண்கள்' என்று நான் எழுதியிருந்ததைப் போனே மொழிபெயர்த்துக் கொடுத்தது. கவுண்டரில் என்னோடு நிற்கும் ஷீனாவிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு டீ பாக்கெட்டுகள் மேல் விழுந்து சிரித்தாள்.

"சேச்சி, பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து யாரையோ கிள்ளி வைக்குது போல வந்திருக்கு!"

அழித்துவிட்டேன்.

அடுத்தது கேமரா. நல்ல கேமரா இல்லாமல் ஒன்றும் நடக்காதாம். வீட்டில் இவரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். சவாரி ஓட்டும் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இருக்குற போன்ல என் மூஞ்சி நல்லாத்தானே விழுது?"

"உங்க மூஞ்சி எதுல எடுத்தாலும் அப்படித்தான் விழும்."

தண்ணீரை என் மேல் அடித்தார். கேமரா பேச்சு அதோடு போயிற்று.

என்னத்துக்கு இதெல்லாம் என்று சில நேரம் தோன்றுகிறது. பதினோரு வருஷமாகக் கவுண்டரில் நின்று அடுத்தவர் பொருளைப் பற்றியே பேசியாயிற்று. எனக்கென்று நாலு வார்த்தை இருந்தால் என்ன? அதுதான்.

அக்டோபர் 2, வியாழன்

பூஜை விடுமுறை. கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். தேயிலை வாங்குகிறார்களோ இல்லையோ, எல்லோரும் ஒரே கேள்வி: "கொடிமேட்டுல இன்னைக்குத் தெரியுமா?"

கொடிமேடு இங்கிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். வானம் திறந்திருந்தால் கீழே தமிழ்நாட்டுச் சமவெளி முழுக்கத் தெரியும். மூட்டம் விழுந்தால் பக்கத்தில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியாது. இன்று முழுக்க மூட்டம். போனவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் நின்று புலம்பினார்கள், நான்தான் மூட்டத்தை ஏற்பாடு பண்ணினேன் என்பதுபோல.

நாற்பது பேருக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஆயிரம் வார்த்தையாவது மண்ணாவது.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் துணி அலச, எங்கள் தோட்டக் குடியிருப்பு லயத்துக்குப் பின்னால் போனேன். துவைக்கிற கல்லில் ஏறி நின்றால் கொடிமேட்டு டவர் தெரியும். டவர் தெரிந்தால் மேட்டிலிருந்தும் எல்லாம் தெரியும், எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். இன்று டவர் இல்லை. அந்த எரிச்சலிலேயே போனை எடுத்து எழுதினேன்.

'கொடிமேட்டில் இன்று ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்கி எழுந்து சாவகாசமாகத் தோசை சாப்பிடுங்கள்.'

அவ்வளவுதான். படம் இல்லை, தலைப்பு இல்லை. ஷீனா அதை எடுத்துத் தன் நாத்தனார் லிஜியின் ஹோம்ஸ்டே குழுவில் போட்டிருக்கிறாள்.

மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்!

அக்டோபர் 11, சனி

எட்டு நாளாகக் காலை ஆறு மணிக்குக் கல்லில் ஏறுகிறேன். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. 'தெரியும், ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்.' 'தெரியாது.' 'பாதி தெரியும், மீதியை மனசால் பாருங்கள்.' நேற்று அறுநூறு பேர். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், என் வரியைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளை எழுப்பினாராம்.

ஜெகனுக்குத்தான் பிடிக்கவில்லை.

"ஒரு வரி எழுதுறதுக்குப் பேரு வலைப்பூவாக்கா? அதுவும் தெரியாது, போகாதேன்னு. குறையா எழுதினா யாரும் திரும்ப வரமாட்டாங்க. பாடத்துலயே இருக்கு."

"வாராங்களேடா."

"அது... இப்ப வருவாங்க."

அவனுக்கும் ஒரு வலைப்பூ உண்டு. இன்றுதான் முதல்முறையாகப் போய்ப் பார்த்தேன். வலைப்பூவில் வெற்றி பெறுவது எப்படி என்பதைப் பற்றித்தான் முழுவதும். அறுபத்திரண்டு கட்டுரை. ஒன்றுக்குக் கீழேயும் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பாவமாக இருந்தது. பத்துக் கட்டுரைக்கு 'அருமை தம்பி' என்று போட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. ஊர் கொள்ளாத கூட்டம். காலையில் 'தெரியாது' என்று எழுதினேன். இரண்டாயிரம் பேர் படித்திருந்தார்கள். சந்தோஷத்தில் அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

பத்து மணிக்கே ஜீப் திரும்பி வந்தது. இவர் பண்டிகை நாளில் இருட்டுவதற்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"மூணு டிரிப்பும் கேன்சல். எனக்கு மட்டுமில்ல, ஜீப் ஸ்டாண்டே காத்து வாங்குது. எவளோ ஒருத்தி போன்ல எழுதுறாளாம், மேல தெரியாதுன்னு. லாட்ஜ்காரன் எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தான் ஆள அனுப்புறான்."

கையில் ஒட்டிய மாவை வழித்துவிட்டுச் சொன்னேன்.

"நாந்தான்."

"என்னது நீதான்?"

"அந்த எவளோ ஒருத்தி."

நான் ஏதோ சமையல் குறிப்பு எழுதுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

ஸ்டாண்டு செயலாளர் தங்கதுரை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. தங்கதுரை அண்ணன் டீயை மறுப்பது சாதாரண விஷயம் இல்லை.

"அழகுமலை பொண்டாட்டியே இப்படிப் பண்ணலாமா மாரீஸ்வரி? வருஷத்துல இந்த நாலு நாள்தான் எங்களுக்கு ஓட்டம்."

"பொய்யா எழுதுனேன் அண்ணே? மூட்டம்தான இருந்துச்சு."

"மூட்டமா இருந்தா என்ன, மூட்டத்தைப் பாத்துட்டு வரட்டுமே. நீ எழுதுறத நிறுத்துற வரைக்கும் இவன் வண்டி வரிசைல நிக்காது. ஸ்டாண்டுல பேசியாச்சு."

அவர் போன பிறகு இவர் அந்த ஆறிய டீயை எடுத்துக் குடித்தார். நானாகக் கேட்டேன்.

"பொய் எழுதச் சொல்லுதீங்களா?"

"பொய் எழுதச் சொல்லல மாரி. எழுதாம இருன்னு சொல்லுதேன்."

இருபது வருஷமாக அந்த வரிசையில் நிற்கிற வண்டி. என் ஒரு வரி அதை வெளியே தள்ளிவிட்டது. ஆனால் மேட்டில் ஒன்றும் தெரியவில்லைதானே? தெரியாததைத் தெரியும் என்று சொல்லியா பிழைக்க வேண்டும்? நான் என்னத்தத் தப்பாச் சொல்லிட்டேன்! யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்!

அக்டோபர் 22, புதன்

எழுதவில்லை.

அக்டோபர் 25, சனி

இன்றும் எழுதவில்லை. தினம் எழுதாவிட்டால் ஆள் ஓடிவிடும் என்றான் ஜெகன். ஓடக் காணோம். 'அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?' என்று பதினான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். முகம் தெரியாதவர்கள். பதில் போடவும் கை வரவில்லை.

வண்டி இன்னும் வரிசையில் இல்லை. நான் நிறுத்தியதை நம்ப ஒரு வாரம் வேண்டுமாம். இவர் வீட்டில் உட்கார்ந்து, கழுவிய ஜீப்பையே திரும்பக் கழுவுகிறார். பேச்சு சாப்பாட்டுக்கு மட்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. சேலத்துக்காரர்கள். வயசான அப்பாவுக்கு ஒரு தடவை கொடிமேட்டைக் காட்டிவிட வேண்டுமென்று கூட்டிவந்து, அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றும் பார்க்காமல் இறங்கியிருக்கிறார்கள். அந்த மகள் என்னிடம் சண்டை எல்லாம் போடவில்லை. "எழுதிக்கிட்டிருந்தாங்களே ஒருத்தங்க, அவங்களும் நிறுத்திட்டாங்க," என்று மட்டும் சொன்னாள். பெரியவர் வாசல் பெஞ்சில் குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கடைக்குப் பின்னால் போய் இவருக்குப் போன் போட்டேன். ஆறு நாளில் நானாகப் போட்ட முதல் போன்.

"மேல மூட்டமா இருந்தா வேற எங்கதான் தெரியும்?"

ஜீப்பில் தண்ணீர் அடிக்கிற சத்தம் நின்றது.

"இப்ப அடிக்குற காத்துக்கா? வெள்ளோடைப் பாறையில தெரியும். மூட்டம் அதுக்கு மேலோட நின்னுக்கிடும், கீழ இறங்காது. அது யாருக்கும் தெரியாது. என்னத்துக்குக் கேக்குற?"

"வண்டிய எடுத்துட்டு வாங்க."

வந்தார். வரிசையில் இல்லாத வண்டிக்கு எந்தத் தடையும் இல்லையே! பெரியவரை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்கள். பெரியவர் ஷீனாவிடம் கையை விரித்து விரித்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே மேகம் கூரைபோல நிற்க, கீழே ஓடையும் தோட்டமும் வெயிலில் கிடந்ததாம்.

இவர் என் பக்கம் வந்து, "ஒரு டீ குடு," என்றார். கவுண்டரில் டீ விற்பதில்லை, தூள்தான். ஆனாலும் கொடுத்தேன்.

அக்டோபர் 29, புதன்

காலையில் நான் கல்லில் ஏறும்போது இவரும் பல் குச்சியோடு வந்து நின்றார். டவரைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார்.

"ரெண்டையும் எழுது. அங்க இல்ல, இங்க இருக்குன்னு."

'கொடிமேட்டில் தெரியாது. வெள்ளோடைப் பாறையில் தெரியும். எந்த ஜீப்பைக் கேட்டாலும் கூட்டிப்போவார்கள்.'

நவம்பர் 9, ஞாயிறு

எல்லா ஜீப்பும் ஓடுகிறது. மூட்டமான நாளில் வெள்ளோடை, தெளிந்த நாளில் மேடு, மழை நாளில் எங்கள் கம்பெனிக் கடை (இது என் சேர்க்கை). இவர் வண்டியை வரிசையில் சேர்த்துவிட்டார்கள். கடைசியில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். தங்கதுரை அண்ணன் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் அவர் வண்டிக் கண்ணாடியில் 'வெள்ளோடைப் பாறை' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

வலைப்பூவில் விளம்பரம் வந்தால் காசு வரும் என்று மனுப் போட வைத்தான் ஜெகன். உள்ளடக்கம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வரியில் என்ன உள்ளடக்கம் இருக்கும்? அவன் என்னைவிட வருத்தப்பட்டான். எனக்குக் கவுண்டர் வேலை இருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

தெரியும் என்று எழுதினேன். எட்டு மணிக்கெல்லாம் மூட்டம் விழுந்துவிட்டது. முன்னூறு பேராவது நனைந்திருப்பார்கள். திட்டு என்றால் திட்டு.

தப்பை ஒத்துக்கொண்டால் பெயர் கெட்டுவிடும், சத்தமில்லாமல் அழித்துவிடு என்றான் ஜெகன். நான் அழிக்கவில்லை. 'தப்பாகச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். காற்று திரும்பியதை நான் கவனிக்கவில்லை,' என்று அதற்குக் கீழேயே எழுதினேன். அதற்குப் பிறகு எவரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், நனைந்ததில் தன் மனைவிக்கு ஜலதோஷம், இப்போது அவள் பேச முடியவில்லை, நன்றி என்று எழுதியிருந்தார்.

டிசம்பர் 26, வெள்ளி

இவர் இப்போது வழியிலிருந்தே போன் போடுகிறார். "மூணாவது வளைவுல வெயிலு. எழுதிக்க." வைத்துவிடுகிறார். நலமா, சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

போடியில் ஜெகனுக்குக் கல்யாணம். பெண் நல்ல கலகலப்பு. இவனுடைய அறுபத்திரண்டு கட்டுரையையும் படித்தவளாம். அப்படியென்றால் அவன் எழுதியது வீண் போகவில்லை.

நான் வெள்ளிக்கிழமையே இறங்கி வந்துவிட்டேன். குடியரசு தின விடுமுறையும் சேர்ந்து வருவதால் ஸ்டாண்டில் ஓட்டம் அதிகம், இவர் வரவில்லை. சித்தி இரண்டு தடவை கேட்டுவிட்டாள், "மாப்பிள்ளை ஏன்டி வரல?" என்று. எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான். தம்பி கல்யாணத்தைவிட டிரிப் பெரிசா?

ஊர் திரும்பும்வரை வலைப்பூவுக்கு லீவு என்று நானே முடிவு பண்ணியிருந்தேன். போடியிலிருந்து எந்தக் கல்லில் ஏறி நிற்பது?

தாலி கட்டி முடிந்து பந்திக்கு எழுந்திருக்கும்போது ஷீனா போன் பண்ணினாள். "சேச்சி, இன்னைக்குள்ளது வாசிச்சோ?" இன்றைக்கு ஒன்றும் இல்லையே என்றேன். திறந்து பாருங்க என்று சிரித்தாள். வலைப்பூவை இவர் போனில் திறந்து கொடுத்ததே அவள்தானாம்.

காலை ஆறு பத்துக்குப் போட்டிருக்கிறது. நேற்றும் ஒன்று, முந்தா நாளும் ஒன்று. நான்தான் பார்க்கவில்லை. இன்றையது:

'கொடிமேட்டில் இண்று தெறியாது. வெள்ளோடையில் தெறியும். மாரி தம்பி கள்யாணத்துக்கு போயிருக்கு. செவ்வா வந்துரும். அதுவறை நான் பாத்து சொல்றேன். இப்படிக்கு டிரைவர்.'

கீழே நாற்பத்தொரு பேர் வாழ்த்து எழுதியிருந்தார்கள், ஜெகனுக்கு. பந்தியில் இடம் பிடித்து வைத்திருந்த சித்தி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் மண்டபத்துத் தூணில் சாய்ந்து நின்று இன்னொரு தடவை வாசித்தேன். எழுத்துப் பிழை ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.