வஹீப் சித்தப்பா சட்டத்தை மதித்த கதை

அன்பு மகள் வெரீனாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் என் முழங்கால் வலியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவின் நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே உன் வஹீப் சித்தப்பா வந்தார். சட்டத்தில் மதத்துக்கு என்ன வேலை என்று நம் வீட்டு முலூக்கியாக் கீரையைச் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் வருஷக்கணக்காக முழங்கியவர், "அண்ணி, ஆண் வாரிசு இல்லைன்னா தம்பிங்களுக்கும் பங்கு உண்டுன்னு ஷரியத் சொல்லுது. கிறிஸ்தவங்களுக்கும் அதுதான் நாட்டுச் சட்டம், நான் என்ன பண்றது?" என்றார். கூட வந்த அவர் தம்பி ஃபவ்ஸி சித்தப்பா பால்கனியின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். கீழ்வீட்டு சவ்ஸனிடம் சொல்லி அழுதேன். அவளுக்கும் ஒரே பெண்தானே. "எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கும்போதே வீட்டை மக பேருக்கு எழுதிட்டார், ஏன்னு நினைக்கிறே? என் கொழுந்தன் தொழுகைக்குப் போறவன், உன் கொழுந்தன் பூசைக்குப் போறவன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

வாரிசுப் பத்திரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனபோது நீதிபதி, "எல்லாரும் கிறிஸ்தவங்கதானே? நீங்க சம்மதிச்சா உங்க சபை முறைப்படி மனைவிக்கும் மகளுக்குமே கொடுத்துடலாமே" என்று கேட்டார். வஹீப் சித்தப்பா நெஞ்சில் கைவைத்து, "நான் சட்டத்தை மதிக்கிறவன் ஐயா" என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வெளியே போய் யோசித்து வாருங்கள் என்றார். வீட்டை விற்றுப் பங்கு கொடுத்துவிட்டு இந்த வயதில் எங்கே போவேன்? அப்போது வராந்தாவில் நர்கிஸ் சித்திதான் வஹீப் சித்தப்பாவிடம், "நமக்கும் மூணும் பொண்ணு. நீங்க கண்ணை மூடினா உங்க தம்பியும் சட்டத்தை மதிப்பார் இல்ல?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. சித்தப்பா ஃபவ்ஸியைப் பார்த்தார். ஃபவ்ஸி கூரையைப் பார்த்தார். சித்தப்பா உள்ளே போய்ச் சபை முறைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார், அண்ணன் போட்டதால் தம்பியும் போட்டார்.

போன ஞாயிறு கோயில் முற்றத்தில் ஆள் கூட்டி, அரசாங்கத்தை எதிர்த்து நம் சபை முறையை நிலைநாட்டியதாகச் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஆமாம் என்றேன். வீடு நம் பேரில் இருக்கிறது, வீரம் அவர் பேரில் இருக்கட்டும்.

பத்திரப் பதிவில் உன் சார்பில் நான் கையெழுத்துப் போட, அதிகாரப் பத்திரத்தில் தூதரக முத்திரை வாங்கிச் சீக்கிரம் அனுப்பு. மதம் என்ன என்று கேட்டால் எழுதிக் கொடு, அதை ஏன் கேட்கிறீர்கள் என்று அங்கே நின்று அப்பாவைப் போல வாதாடாதே. குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. மரியாளின் நிழல் உங்கள் இருவர் மேலும் இருக்கட்டும்.

ஷுப்ராவிலிருந்து,
உன் அம்மா தமியானா