கயல் பறக்கிற நாளில் பொங்கல்

1998 மார்ச் 9
கார்ப்பஸ் கிறிஸ்டிக்கு வந்து ஒரு வாரம். இங்கே கடல் காற்றில் கொடித் துணி நிற்காது. மகள் கயல் இங்கேதான் அமெரிக்க நேவியில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். டப்பா சாப்பாட்டில் இளைத்துவிட்டாள் என்று நான்தான் ரவுண்ட் ராக் வீட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். தினமும் காலையில் நெய்ப் பொங்கல், வடை. வயிறு நிறையாமல் அனுப்புவதில்லை.

மார்ச் 12
விமானத்தில் மேலே போனதும் கயலுக்கு இன்றும் வாந்தியாம்.

மார்ச் 13
"இன்னொரு தடவை வாமிட் பண்ணா அவ்ளோதான், அம்மா. பைலட் ஆக முடியாது" என்றாள். திங்கட்கிழமை பறந்து காட்ட வேண்டும். எட்டு வயதில் ஏர் ஷோ பார்த்ததிலிருந்து இதே கனவு. யார் கண்ணு பட்டுச்சோ! மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். புகைக்கு அலாரம் கத்தி, அபார்ட்மென்டே வெளியே ஓடி வந்தது.

மார்ச் 15
பாத்திரம் கழுவும்போது எங்கள் ஊர் பொள்ளாச்சித் திருமூர்த்தி அண்ணன் நினைவு. வால்பாறை பஸ் ஓட்டியவர். சாப்பாட்டுக்குப் பேர் போனவர். அவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் சிரிப்பார்கள். அது வேறு கதை. ஆனால் மலை ஏறும் முன் ஒரு வாழைப்பழம்தான். "வவுறு நெறஞ்சா வளைவுல பொரட்டும், நாகு" என்று என் பேரைச் சொல்லிச் சொல்வார். கீழே இறங்கித்தான் இலை போடச் சொல்வார்.
கை அப்படியே நின்றது. அடக் கடவுளே — நானா? நானேதான் எம் புள்ளையைக் கவுத்தறனா?
"ஏங் கண்ணு, வேண்டாம்னு சொல்லக்கூடாதா?"
"நாலு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்தியே அம்மா. எப்படி நோ சொல்றது?"

மார்ச் 16
அடுப்பு பற்ற வைக்கவில்லை. ஒரு பழம் மட்டும் கொடுத்தேன். பட்டினி போட்டு அனுப்பினது மாதிரி மனசு அடிச்சுக்கிச்சு.
மத்தியானம் போன். "அம்மா! வாந்திப் பை காலி! பாஸ் பண்ணிட்டேன்!"

1999 ஆகஸ்ட் 20
பைலட் ஆனதற்குக் கொடுக்கிற தங்க இறக்கைப் பேட்ஜைச் சட்டையில் குத்தும் உரிமை வீட்டு ஆளுக்காம். கயல் என்னைக் கூப்பிட்டாள். மெதுவாகக் குத்தினேன். "அழுத்திக் குத்து அம்மா, விழுந்துடப் போகுது." என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி அழுதுகொண்டே எடுத்ததில் போட்டோவெல்லாம் என் கொண்டைதான்.

2001 மார்ச் 4
நடுக்கடலில் ஓடுகிற கப்பல் மேலேயே விமானத்தை இறக்கியிருக்கிறாள் லெப்டினன்ட் கயல். பொள்ளாச்சிவரை போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். லீவுக்கு வந்தவள் பையை வாசலிலேயே போட்டாள்.
"நாலு நாளைக்குப் பறக்கல அம்மா. பொங்கல் வை."
நெய்யில் மிளகு வெடிக்கிறது.